சித்தி எழுதிய எட்டிலக்க எண்

ஐந்தாம் வகுப்பில், வகுத்தல் கணக்கில் என்னை அடிக்க ஆளில்லை என்ற நினைப்பு எனக்கு. அந்தக் கர்வத்தை வைத்தே என்னை ஒரு பகல் முழுக்க உட்கார வைத்துவிட்டார் சித்தி.

அம்மாவுக்கு வயிற்றில் கட்டி, திருச்சியில் ஆபரேஷன். அப்பா கூடப் போய்விட, என்னை ஸ்ரீரங்கத்தில் அம்மாவின் தங்கை வீட்டில் விட்டிருந்தார்கள். சித்தி கல்லூரியில் கணக்கு டீச்சர். அன்று லீவு போட்டிருந்தார். அம்மாவைப் பார்க்கணும் என்று காலையிலிருந்து ஒரே பாட்டாகப் பாடினேன். தோசையைத் தொடவில்லை. காவிரிப் பாலத்தை நடந்தே தாண்டுவேன் என்று செருப்பையும் மாட்டிவிட்டேன்.

சித்தி கதவைச் சாத்திவிட்டு, டியூஷனுக்காக ஹாலில் மாட்டியிருந்த கரும்பலகையில் எழுதினார்: 73939133.

"இதை மிச்சமில்லாம வகுக்கிற நம்பர் ஒண்ணு கண்டுபிடி. உடனே ஆட்டோ பிடிச்சு அம்மாகிட்ட போலாம். ஒண்ணாலயும் அதே நம்பராலயும் வகுக்கக் கூடாது, ஆமா."

இவ்வளவுதானா என்று சாக்பீஸை வாங்கினேன். மூன்றால் போகவில்லை. ஏழால் வகுத்தேன், மிச்சம் இரண்டு. பதினொன்று, பதின்மூன்று என்று போய்க் கை வலித்தது. "ரொம்பப் பெருசா இருக்கு சித்தி" என்று சிணுங்கினேன். பெரிய மனது பண்ணி, கடைசி மூன்றை விரலால் அழித்தார். குஷியாக மறுபடி ஏழால் வகுத்தேன். மறுபடியும் மிச்சம் இரண்டு! சிணுங்கச் சிணுங்கக் கடைசி இலக்கம் ஒவ்வொன்றாகப் போனது. எண் சிறுத்ததே தவிர, எதற்கும் மசியவில்லை. நடுவில் தோசை உள்ளே போனதுகூட எனக்குத் தெரியாது.

சித்தியும் பக்கத்தில் உட்கார்ந்து, பழைய பேப்பர் ஓரத்தில் அதே எண்ணை வகுத்துக்கொண்டிருந்தார். பெருக்கலில் தப்பு விட்டார். "கணக்கு டீச்சருக்கே வரலை!" என்று கேலி செய்தேன். தப்பை அடித்துவிட்டு மறுபடி போட்டார்.

பலகையில் 739 மட்டும் மிஞ்சியிருந்தபோது போன் வந்தது. அப்பாதான். சித்தி சுவரைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

"நல்லபடியா முடிஞ்சுடுச்சாம்டி" என்று என்னைக் கட்டிக்கொண்டார்.

"இன்னும் கண்டுபிடிக்கலையே, எப்படிப் போறது?"

"பரவாயில்ல. செருப்பை மாட்டு."

அந்த எண்ணை நான் மறுபடி பார்த்தது கல்லூரியில். அது பகா எண். ஒன்றையும் தன்னையும் தவிர எதனாலும் வகுபடாது. வலப்பக்க இலக்கங்களை ஒவ்வொன்றாக நீக்கிக்கொண்டே வந்தாலும் மிஞ்சுவதெல்லாம் பகா எண்தான். அப்படிப்பட்ட எண்களில் அதுவே மிகப் பெரியது. நான் எத்தனை முறை சிணுங்கினாலும் தாங்கும் எண்ணாகத் தேடி எடுத்திருக்கிறார் சித்தி! அந்த ஒரு நாளுக்காக அவருக்கு நான் ஆயுசுக்கும் நன்றி சொல்லலாம்.

ஆபரேஷன் தியேட்டரில் இருப்பது என் அம்மா என்பது மட்டும்தான் அன்று எனக்குத் தெரிந்திருந்தது. சித்திக்கு அது அக்கா. விடையே கிடையாது என்று தெரிந்த கணக்கை அவரும் ஏன் விடாமல் போட்டுக்கொண்டிருந்தார் என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை.