மாப்பிள்ளை கேட்கும் எடை

அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. புற்றுநோய்ப் பகல்நேர வார்டின் வாசலில் எடை மெஷின், பக்கத்தில் ஒரு நாற்காலி. பன்னிரண்டு வருடமாக அதில் உட்கார்ந்திருப்பது அவருடைய கைப்பைதான். அவரைவிட மூத்தவர்களும் எடையக்கா என்றே கூப்பிடுகிறார்கள்.

எட்டு மணியிலிருந்து பத்துக்குள் அறுபது பேர். "செருப்பு, போன், சாவி எல்லாம் தட்டுல. மூச்சைப் பிடிக்காதீங்கண்ணே, அதுக்கெல்லாம் எடை ஏறாது."

அவர் எடுக்கும் எடை நேராகக் கணினிக்குப் போகும். எடை, உயரம், ரத்தப் பரிசோதனை, போன தடவை உடம்பு தாங்கிய விதம் எல்லாவற்றையும் பார்த்து, யாருக்கு எவ்வளவு கீமோ மருந்து என்று அதுவே கணக்குப் போடும். எல்லாம் சரியாக இருந்தால் பச்சை. ஏதாவது இடித்தால் சிவப்பு காட்டி நின்றுவிடும். பிறகு டாக்டர் வரவேண்டும். வார்டில் அந்தக் கணினிக்குப் பெயர் மாப்பிள்ளை. சிவப்பு விழுந்தால், "மாப்பிள்ளை முறுக்கிக்கிட்டார்" என்பார்கள். சிரித்துக்கொண்டே சொன்னாலும் எல்லோருக்கும் உள்ளூர பயம். சிகிச்சை தள்ளிப்போய்விடுமே.

அதனால் எடை குறைந்தவர்கள் இரண்டு பாட்டில் தண்ணீர் குடித்துவிட்டு வருவார்கள், மூன்று சட்டை போட்டு வருவார்கள். அக்கா முகத்தைப் பார்த்தே பிடித்துவிடுவார்.

அன்று சிகிச்சைக்கு வந்த, திரைச்சீலை தைக்கும் டெய்லர் மட்டும் பிடிபடவில்லை. ஐம்பத்திரண்டு கிலோ. மூன்று வாரத்துக்கு முன் ஐம்பத்து நான்கு. பச்சை விழுந்தது. அவர் மகளோடு போய் உட்கார்ந்தார்.

கால்மணி கழித்து அக்கா அந்தப் பக்கம் போனார். பெரிய மின்விசிறிக் காற்றில் எல்லோருடைய துணியும் படபடத்தது. டெய்லரின் பேன்ட் மட்டும் குழாய் மாதிரி நின்றது.

"அடிமடிப்புல என்ன?"

"தையல்."

"தையல் இப்படிக் கனக்குமா?"

மகள் குனிந்து தொட்டுப் பார்த்தாள். "அப்பா, என்ன பண்ணி வச்சிருக்கீங்க?"

திரைச்சீலை நேராகத் தொங்குவதற்கு ஈயத் துண்டு வைத்துத் தைப்பது அவர் தொழில். இரண்டு காலிலும் இடுப்புப் பட்டையிலும் வைத்துத் தைத்திருந்தார்.

அக்கா ஓடினார். மருந்து கலக்குகிறவர்கள் கையுறையோடு போன் எடுக்கமாட்டார்கள். அந்த அறைக் கண்ணாடியைத் தட்டினார்.

"பதினேழாம் நம்பரை நிறுத்துங்க."

"பச்சைதானேக்கா?"

"நான் குடுத்த எடை தப்பு."

மருந்துப் பை நிறைந்து, லேபிளும் ஒட்டியாகிவிட்டது. அதை அப்படியே கழிவுத் தொட்டியில் போட்டார்கள்.

ஆஸ்பத்திரி அங்கியில் டெய்லரை மறுபடி நிறுத்தினார். நாற்பத்தெட்டு. சிவப்பு. டாக்டர் வந்தார்.

"மூணு வாரத்துல ஆறு கிலோ. வாயில புண்ணா?"

டெய்லர் தலையாட்டினார்.

"ஏன் சொல்லல?"

"சொன்னா நிறுத்திருவீங்க."

"இன்னைக்கு வேண்டாம். அடுத்த வாரம் பார்க்கலாம்."

டாக்டர் போனதும் டெய்லர் அக்காவைப் பார்த்தார். "இப்ப நிம்மதியா? ஒரு வாரத்துல கட்டி வளந்துட்டா?"

அக்கா டாக்டர் அறைக்குப் போய்க் கேட்டு வந்தார். "ஒரு வாரத்துல பெருசா எதுவும் மாறாதாம். அந்தப் பையைத்தான் உங்க உடம்பு தாங்கியிருக்காதாம்."

டெய்லர் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். பிறகு சுவரைப் பார்த்தபடியே கேட்டார். "வாய் பூரா புண்ணை வச்சுக்கிட்டு எதைத்தான் சாப்பிடறது?"

அக்கா அதற்குள் உணவு ஆலோசகரைத் தேடிப் பாதி வராந்தாவைத் தாண்டியிருந்தார்.