நனைந்த கயிறும் ஒரு மாப்பிள்ளையும்

போன ஞாயிற்றுக்கிழமை உப்புவெளியில் எங்கள் வீட்டுக்கு மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை தம்பலகாமம். எஞ்சினியர். வயது முப்பத்திரண்டு. நல்ல குடும்பம், சாதகமும் பொருத்தம். பிறகென்ன?

நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவில்லை. லீவு நாட்களில் என்ன செய்வீர்கள் தம்பி என்று கேட்டுவிட்டேன். கிரிக்கெட் என்பார், கோயில் என்பார் என்று பார்த்தால்...

“அனிமே பாப்பன், அங்கிள். ஜப்பான் கார்ட்டூன்.”

அவருடைய அம்மா பற்றீஸை வாயருகே பிடித்தபடி அப்படியே இருந்துவிட்டார். நான் சிரித்துச் சமாளித்தேன். மனதுக்குள் மாப்பிள்ளையைத் தம்பலகாமத்துக்கே திருப்பி அனுப்பியாயிற்று!

புதன்கிழமை பதில் சொல்ல வேண்டும். மகள் தாரணி அதிகம் கதைக்கிறவள் இல்லை. பொம்மைப் படம் பார்க்கிற ஆள் நமக்குச் சரிவராது என்று அவளிடம் சொன்னேன்.

“ஒரு படத்தையாவது பாத்திட்டுச் சொல்லுங்கோ, அப்பா. பாக்காமல் வேண்டாம் எண்டு சொல்ல ஏலாது.”

நியாயம்தானே? எந்தப் படம் என்று தரகர் மூலம் மாப்பிள்ளையிடமே கேட்டு வாங்கினோம். தரகருக்கு இது முதல் அனுபவமாம். செவ்வாய் பின்னேரம் டிவிக்கு முன்னால் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன் — குற்றம் பிடிக்க.

வாராவாரம் வாசிக்கிற உங்களுக்குத் தெரியும், நான் முப்பது வருடம் துறைமுகத்தில் கப்பல்களைக் கயிறு போட்டுக் கட்டியவன். சினிமாவில் படகு கட்டுவதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். மாட்டைக் கட்டுவது போல ஒரு சுற்று... கதாநாயகன் போய்விடுவார்.

இந்தப் படத்தில் ஒரு படகுக்காரி கரைக்கு வருகிறாள். இரட்டை இரும்புத் தூண்களில் கயிற்றை மாற்றி மாற்றிச் சுற்றுகிறாள். சரியான முறை! அலையில் படகு எழும்புகிறது. நனைந்த கயிறு இறுகி, தண்ணீரைப் பிழிந்து சொட்டவிடுகிறது. தளர்கிறது. மறுபடி இறுகுகிறது. ஒருவரும் பேசவில்லை, இசையும் இல்லை.

நான் கதிரையின் நுனிக்கு வந்துவிட்டேன்.

கமராவில் எதுவும் தற்செயலாக விழலாம். வரைவதில் தற்செயல் ஏது? யாரோ ஒருவர் ஏதோ ஒரு கரையில் குந்தியிருந்து அந்தக் கயிற்றைப் பார்த்திருக்கிறார். பிறகு ஒவ்வொரு சொட்டாக வரைந்திருக்கிறார். என் முப்பது வருட வேலையை இத்தனை கவனமாக வேறு யாரும் பார்த்ததில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்வதற்கென்ன.

பெண்ணின் தகப்பன் மாப்பிள்ளைக்கு நேரடியாகப் போன் எடுப்பது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. எடுத்தேன். படத்தில் எந்த இடம் பிடிக்கும் என்று கேட்டேன்.

“படகு கட்டுற இடம்தான், அங்கிள். கயிறு தண்ணியைப் பிழியுமே... மூண்டு தரம் திருப்பிப் பாத்தனான்.”

போனை வைத்துவிட்டு, எனக்குச் சம்மதம் என்று தாரணியிடம் அறிவித்தேன். அவள் உடுப்பு மடித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“எனக்கு ஞாயிற்றுக்கிழமையே ஓம், அப்பா.”

ஞாயிற்றுக்கிழமை நான் வந்தவர்களுக்குப் பற்றீஸ் காணுமா, கதிரை காணுமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் முகத்தை ஒரு தரமாவது பார்த்திருக்கலாம்.