வீட்டில் வரைந்த பாசி

கல்லறைமேல் வளரும் பாசியை அளந்துதான் நான் ஆய்வாளர் ஆகப் பார்த்தேன். சிரிக்காதீர்கள். எங்களுடையது ஒரு சின்ன கத்தோலிக்கப் பல்கலைக்கழகம். காலாப்பட்டில் பெரிய மத்தியப் பல்கலைக்கழகத்தில் படிக்கிற என் பள்ளித் தோழிகளிடம் சொன்னால், அப்படி ஒன்று இருக்கிறதா என்று கேட்பார்கள். தாவரவியல் துறையில் உருப்படியான மைக்ரோஸ்கோப் மூன்றுதான். ஆனால் வருஷத்துக்கு ஒரு நாள் ஆய்வு நாள் என்று வைப்பார்கள். ஒரு மாணவரும் ஒரு ஆசிரியரும் சேர்ந்து செய்த ஆய்வை மேடையேறிச் சொல்ல வேண்டும். தனியாக யாரும் வரக் கூடாது. ஆய்வுகளின் சுருக்கத் தொகுப்பில் இரண்டு பேர் பெயரும் ஒரே வரியில் அச்சாகும். முதல் வருஷத்திலிருந்தே எனக்கு அந்த வரிமேல் ஒரு கண்.

என்னோடு சேர்ந்த ஆசிரியர், நாங்கள் மேம் என்று கூப்பிடுகிறவர், எங்கள் துறைக்கு வந்து ஒன்றரை வருஷம்தான் ஆகியிருந்தது. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவராக இருக்கலாம். இந்த வருஷம் ஆய்வு நாளில் அவர் பெயர் வராவிட்டால் வேலை நிரந்தரமாவது தள்ளிப்போகும் என்று லேப் உதவியாளர் என்னிடம் சொல்லியிருந்தார். செலவில்லாத ஆய்வாக யோசித்து வா என்றார் மேம். நான் ஒரே மூச்சில் ஆறேழு யோசனைகளைக் கொட்டினேன். ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டி மறுத்தவர், கல்லறைப் பாசி என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

பங்குச் சாமியாரிடம் அனுமதி வாங்கி, டவுன் கல்லறையில் இருபது கல்லறைகளைச் சீட்டுக் குலுக்கித் தேர்ந்தெடுத்தோம். பத்து மரநிழலில், பத்து வெயிலில். பெயர் எழுத வேண்டாம், எண் போதும் என்று மேம் சொல்லிவிட்டார். வேலை சுலபம்தான். பாசிமேல் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளை வைத்து, மார்க்கரால் ஓரத்தை வரைந்துகொண்டு, பிறகு அதைக் கிராஃப் தாள்மேல் போட்டுக் கட்டங்களை எண்ண வேண்டும். ஆகஸ்டில் ஒரு முறை, செப்டம்பரில் ஒரு முறை, அக்டோபர் மூன்றாம் சனிக்கிழமை ஒரு முறை.

கல்லறையைப் பெருக்குகிற அக்காவுக்கு என்னைப் பார்த்தாலே வாய் சும்மா இருக்காது. "எல்லாரும் பாசிய சொரண்டிப் போடறாங்க. நீ என்னடான்னா அதுக்கு அளவெடுத்துச் சட்டை தைக்கப் போற மாதிரி இருக்கிற" என்பார். ஆகஸ்டில் அளந்ததைவிடச் செப்டம்பரில் இருபதிலும் பாசி கூடியிருந்தது. நான் துள்ளிக்கொண்டிருந்தேன்.

எனக்கு எப்போதும் ஒரே நேரத்தில் நாலு காரியம் வேண்டும். அக்டோபர் மூன்றாம் சனிக்கிழமை சென்னையில் ஒரு வினாடி வினாப் போட்டி. ஒரு வாரத்தில் பாசி ஓடியா போய்விடும் என்று பஸ் ஏறிவிட்டேன். மேமிடம் சொல்லவில்லை. போட்டியில் முதல் சுற்றிலேயே வெளியே வந்தோம். அடுத்த சனிக்கிழமை கல்லறைக்குப் போனால், கேட்டிலிருந்தே கண் கூசியது. வரிசை வரிசையாகப் பளீரென்று சுண்ணாம்பு.

நவம்பர் இரண்டு கல்லறைத் திருநாள். அதற்கு முன்னால் ஒவ்வொரு குடும்பமும் தங்கள் கல்லறையைத் தேய்த்துக் கழுவி வெள்ளையடிக்கும். இது எனக்குத் தெரியாதா? வில்லியனூர்ப் பக்கம் எங்கள் வீட்டுக் கல்லறைக்கு நானே வருஷா வருஷம் சுண்ணாம்பு வாளி தூக்கியிருக்கிறேன். மேம் வீட்டிலும் அப்படித்தான். ஞானஸ்நானம் வாங்கிய இரண்டு பேர் உட்கார்ந்து காலண்டரைப் பார்த்துத் திட்டம் போட்டிருக்கிறோம், ஒருவருக்கும் இது உறைக்கவில்லை.

என் இருபதில் ஒன்பது வெள்ளையாகியிருந்தன. மீதிப் பதினொன்றையாவது அளந்திருக்கலாம். அளக்கவில்லை. மூலக்குளத்தில் எங்கள் வீட்டுக்கு வந்து, என் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, செப்டம்பர் தாள்மேல் புதுத் தாளைப் போட்டு இருபது பாசிகளையும் நானே வரைந்தேன். ஆகஸ்டிலிருந்து செப்டம்பருக்கு எவ்வளவு கூடியதோ அதே அளவுக்கு இன்னும் கொஞ்சம். ஓரத்தில் இயற்கையாக இருக்கட்டும் என்று சின்னச் சின்ன வளைவுகள். தேதி, மூன்றாம் சனிக்கிழமை. ஒரு கோட்டைக்கூட அழித்து வரையவில்லை. இப்போது நினைத்தால் அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை அட்டவணையை மேமிடம் கொடுத்தேன். வழக்கமாக என் எதிரிலேயே கால்குலேட்டரை எடுப்பவர், அன்று தாளை ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, வைத்துவிட்டுப் போகச் சொன்னார். புதன்கிழமை என்னைப் பார்த்தும் அதைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அம்மா, பரீட்சை பயமா என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

வியாழக்கிழமை நாலு மணிக்குள் சுருக்கத்தை ஆய்வு நாள் பொறுப்பாளரான ஃபாதரிடம் கொடுக்க வேண்டும். அதோடு ஓர் உறுதிமொழிப் படிவம்: இதிலுள்ள அளவுகள் அனைத்தும் நாங்களே நேரில் எடுத்தவை. முதலில் ஆசிரியர் கையெழுத்து, கீழே மாணவர் கையெழுத்து. மதிய இடைவேளையில் லேபில் யாரும் இல்லை. மேம் பேனாவைத் திறந்து படிவத்தின்மேல் வைத்தார். எழுதவில்லை.

"அக்டோபர் தாளெல்லாம் இருக்கா?" என்று கேட்டார்.

இருந்தன. பையிலேயே இருந்தன. இருக்கு மேம் என்று எடுத்து நீட்டியிருந்தால் அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. நான் பையைத் திறந்தேன்; மூடினேன்.

"அது நான் வீட்ல வரைஞ்சது மேம். இருபதும். அன்னிக்கு நான் சென்னைக்குப் போயிட்டேன். அடுத்த வாரம் வந்து பாத்தா சுண்ணாம்பு அடிச்சிட்டாங்க."

மேம் பேனாவை மூடினார். திட்டுவார் என்று நின்றேன். அவரோ ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"பதினாலாம் நம்பர் எங்க தாத்தாவுது. அண்ணன் பிரான்ஸ்லேந்து லீவுல வந்திருந்தாரு. திருநாளுக்கு இருக்க மாட்டேன்னு முன்னாடியே போய் அடிச்சிட்டு வந்துட்டாரு. நீ போட்ட தேதிக்கு ரெண்டு நாள் முன்னாடி."

நான் அட்டவணையில் பதினாலாம் வரிசையைத் தேடினேன்.

"செவ்வாக்கிழமையே தெரியும்மா. கேக்கணும்னு இருந்தேன். கேட்டா பேப்பர் போயிடும்னு கம்முனு இருந்துட்டேன். இப்பக்கூட, நீ இருக்குன்னு சொன்னா கையெழுத்து போட்டுருப்பேன்னுதான் நெனைக்கிறேன்."

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். யார் முதலில் சிரித்தது என்று ஞாபகமில்லை. ஐந்து நாளாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த எதுவோ எழுந்து போனது. பசித்தது எனக்கு. மேம் டப்பாவிலிருந்த எலுமிச்சைச் சாதத்தைப் பாதிப்பாதி சாப்பிட்டுக்கொண்டே, அவர் ஃபாதருக்குப் போன் போட்டார். எங்கள் அளவுகள் தப்பு, திரும்ப அளக்க வேண்டும் என்பதோடு நிறுத்தவில்லை. நான் வரைந்ததையும், அவர் தெரிந்தும் இருந்துவிட்டதையும் சேர்த்தே சொன்னார். ஃபாதர், நாளைக் காலை எட்டு மணிக்குள் உண்மையாக எது இருக்கிறதோ அதைக் கொண்டு வாருங்கள், அதை வைத்து முடிவு செய்கிறேன் என்றார்.

மேமின் ஸ்கூட்டியில் கல்லறைக்குப் பறந்தோம். பதினொன்றில் அதற்குள் இன்னும் நாலு வெள்ளையாகியிருந்தன. மீதி ஏழு. நிழலில் நாலு, வெயிலில் மூன்று. வெயிலிலிருந்த மூன்றாம் எண் கல்லறையில் நான் தாளை விரித்தபோது ஒருவர் மனைவியோடு சுண்ணாம்பு வாளியும் மட்டையும் எடுத்துக்கொண்டு வந்து நின்றார். பத்து நிமிஷம் பொறுக்க முடியுமா என்று கேட்டேன். எதற்கு என்றார். சொன்னேன். வாளியைக் கீழே வைத்தார்.

"நிதானமா அளங்க தங்கச்சி. எங்கப்பா எங்கயும் போயிட மாட்டாரு."

அளந்துகொண்டிருந்தபோதே ஏதோ இடித்தது. செப்டம்பர் தாளை எடுத்து மேலே வைத்துப் பார்த்தேன். பாசி வளரவில்லை. சுருங்கியிருந்தது. ஓரமெல்லாம் காய்ந்து, நகத்தால் தொட்டால் பொடியாக உதிர்ந்தது. மேமைக் கூப்பிட்டேன். அவர் அளந்த இரண்டு வெயில் கல்லறைகளிலும் அதே கதை. அந்த வருஷம் மழை தள்ளிப்போயிருந்தது. மூன்று வாரம் நல்ல வெயில். நிழலில் இருந்த நாலும் அப்படியே நின்றிருந்தன. நானோ கதவைச் சாத்திக்கொண்டு இருபதையும் மழையில் நனைத்து வளர்த்து வைத்திருந்தேன்.

"நீ வரைஞ்சது மட்டும் அச்சுல போயிருந்தா" என்று ஆரம்பித்த மேம், முடிக்காமல் கல்லறைச் சுவர்மேல் சாய்ந்துகொண்டார்.

மறுநாள் காலை கொடுத்த அட்டவணையில் இருபது வரிசை இருந்தது. ஏழில் எண்கள், அளந்த உண்மைத் தேதியோடு. பதின்மூன்றில் 'வெள்ளையடிக்கப்பட்டது'. ஃபாதர் அதை மேலிருந்து கீழ்வரை விரலால் தடவிப் படித்தார். மேடை கிடையாது, சுவரில் ஒட்டுகிற போஸ்டராக வையுங்கள் என்றார். தொகுப்பில் பெயர் கடைசிப் பக்கத்தில் வரும். மேமுக்கு அது கணக்கில் சேருமா என்று நான்தான் அவசரமாகக் கேட்டேன். சேரும் என்றார்.

வெளியே வந்து படிக்கட்டில் நின்றோம். முதல் வகுப்புக்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது. மேம் பால் பூத்தில் இரண்டு டீ சொன்னார். அடுத்த வருஷம் என்ன செய்யலாம் என்று கேட்டார். எனக்கு அப்போதே ஐந்து யோசனை இருந்தது. முதல் முறையாக ஒன்றை மட்டும் சொன்னேன்.