இரட்டைச் சொற்களும் ஒரு நாற்காலியும்

ஒன்றுபோல் ஒலிக்கும் சொற்களை ஆங்கிலத்தில் கொண்டுவந்து வைத்தவன் எவனோ, அவன்மேல் எனக்கு இன்றைக்கும் மரியாதை கிடையாது. நகராமல் நிற்பதும் ஸ்டேஷனரியாம், கடையில் விற்கும் காகிதமும் ஸ்டேஷனரியாம். ஓர் எழுத்துதான் வித்தியாசமாம். அந்த ஓர் எழுத்தைத் தேடி, ஐம்பதுகளின் கடைசியில், நான் ஒரு கோடைகாலத்தையே தொலைத்தேன்.

மேட்டூரில் ஒரு கம்பெனியில் குமாஸ்தா வேலைக்கு நேர்முகத் தேர்வுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். எனக்கு அப்போதுதான் கல்யாணமாகியிருந்தது. எங்கள் ஊர் மல்லசமுத்திரத்துக் காட்டில் கடலைக்காய் பறிக்க உடம்பு வணங்காது. ஆத்தூரில் மாமனாருக்கு ஜவ்வரிசி மில் இருந்தது. பார்க்கும்போதெல்லாம், "நம்ம மில்லுல ஒரு நாற்காலி சும்மாத்தான் கெடக்கு மாப்பிள்ளை" என்பார். அந்த நாற்காலியை நான் பார்த்திருக்கிறேன். அவருடைய மேசைக்கு நேர் எதிரே, அவர் இருமினால் தெறிக்கும் தூரத்தில் கிடக்கும். ஒரு கால் ஆடும். மேட்டூர் கைநழுவினால் ஆயுள் முழுக்க எனக்கு அதுதான்.

அந்தப் பயத்தோடு சேலத்தில் அக்கா வீட்டுக்குப் போனேன். மச்சான் ஆங்கிலத்தில் புலி என்று அக்கா நம்பியிருந்தாள். புலி பி.ஏ.வில் இரண்டு தடவை தவறியிருந்தது, இரண்டு தடவையும் ஆங்கிலத்தில்.

"மாப்ள, வெள்ளக்காரன் இங்கிலீசுல கண்ணிவெடி வெச்சுட்டுத்தான் கப்பலேறுனான். எங்கெங்க வெச்சான்னு எனக்குத் தெரியும்" என்றார் மச்சான்.

தெரியாமலா இருக்கும்? ஒவ்வொன்றின் மேலும் கால் வைத்துப் பார்த்தவராயிற்றே.

அவருக்கென்று ஒரு முறை இருந்தது. லூஸ் என்றால் தொளதொள. தொளதொளப் பையில் இரண்டு முட்டை கொள்ளும், ஆகவே இரண்டு 'ஓ'. தொலைக்கிற லூஸ் என்றால் ஒரு முட்டை போய்விட்டது, மிச்சம் ஒரு 'ஓ'. டெசர்ட்டும் அப்படித்தான். பாலைவனத்தில் ஒரு சொட்டுத் தண்ணீர்தான், ஒரு 'எஸ்' போதும். சாப்பாட்டுக்குப் பின் வரும் இனிப்பென்றால் இரண்டாவது கரண்டி கேட்போம், இரண்டு 'எஸ்'. ஆணி அடித்தாற்போல் நிற்கும் ஸ்டேஷனரிக்கு, ஆணியை இங்கிலீசில் எழுதினால் வரும் 'ஏ'. காகிதம் விற்கும் ஸ்டேஷனரிக்கு என்வலப்பின் 'ஈ'. பிரிங் என்றால் பொருள் இந்தப் பக்கம் வரும், டேக் என்றால் அந்தப் பக்கம் போகும். இதற்கு மட்டும் அக்காவின் சொம்பை எடுத்துக் கையை நீட்டியும் மடக்கியும் காட்டுவார்.

"இத்தனை தெரிஞ்சும் நீங்க ஏனுங்க மச்சான் பாஸாகல?"

"பேப்பர் திருத்துனவனுக்குத் தெரியல மாப்ள."

நேர்முகத்தன்று மேட்டூர் பஸ்ஸில் எல்லாவற்றையும் ஒப்பித்துக்கொண்டே போனேன். காத்திருந்த பெஞ்சில் உட்கார்ந்ததும் முட்டை பாயசத்தில் விழுந்தது. ஆணி முட்டையில் இறங்கியது. பாலைவனத்தில் யாரோ என்வலப் விற்றார்கள்.

அதிகாரி பம்பாய்க்காரர், தமிழ் தெரியாது. நிறம் என்னைவிடக் கொஞ்சம் மட்டு, ஆனாலும் அங்கே எல்லோருக்கும் அவர் துரை. என் ஊரைக் கேட்டார், சொன்னேன். டைப் அடிக்கத் தெரியுமா என்றார், எஸ் சார் என்றேன். அவ்வளவுதான். "யூ மே கோ" என்று குனிந்துகொண்டார். ஒரு கோடைகாலத்துப் படிப்பும் வயிற்றுக்குள் அப்படியே கிடந்தது.

நான் எழுந்தேன். எங்கள் பக்கத்தில் ஓர் இடத்தைவிட்டுக் கிளம்பும்போது போகிறேன் என்று யாரும் சொல்ல மாட்டோம். போயிட்டு வாரேன் என்போம். சொல்லாமல் கிளம்புவது எழவு வீட்டில்தான். சோறு போடப்போகிற மனிதரிடம் அப்படி நடக்கலாமா? கோ என்றால் அந்தப் பக்கம், கம் என்றால் இந்தப் பக்கம். சொம்பு கண்ணில் தெரிந்தது. தெரிந்து என்ன பிரயோஜனம்?

"ஐ வில் கோ அண்ட் கம், சார்."

துரை முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தார். "வென்?"

அன்று வெள்ளிக்கிழமை. எப்போது என்று கேட்டால் ஏதாவது சொல்லித்தானே ஆகவேண்டும்? "மண்டே, சார்" என்றேன்.

"ஆல்ரைட்."

வெளியே இருந்தவர்களிடம், கடிதம் வரும், ஊருக்குப் போங்கள் என்று பியூன் சொல்லிக்கொண்டிருந்தான். எனக்குக் கடிதமா, திங்கட்கிழமையா? சேலம் வரும்வரை குழம்பினேன். மச்சான் ஒரு நொடியில் தீர்ப்புச் சொன்னார். "ஆல்ரைட்டுன்னா வேலை கெடச்சாச்சு மாப்ள. ஆல்ரெடின்னு சொல்லியிருந்தாத்தான் ஆபத்து."

இப்படிப்பட்ட ஞானியின் பேச்சைக் கேட்டு, திங்கட்கிழமை தூக்குப்போசியில் தயிர்சோற்றோடு மேட்டூரில் போய் நின்றேன். ஹெட் கிளார்க் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"ஆரைங்க பாக்கோணும்?"

"வேலைக்கு வந்திருக்கறனுங்க."

"ஆர்டர் வந்துச்சுங்களா?"

"துரை எப்போன்னு கேட்டாருங்க. திங்கக்கெழமைன்னேன். ஆல்ரைட்டுன்னாருங்க."

ஹெட் கிளார்க் துரையின் மூடிய கதவைப் பார்த்தார். குமாஸ்தாக்கள் ஹெட் கிளார்க்கைப் பார்த்தார்கள். அந்தக் கதவைத் தட்டி ஒரு கேள்வி கேட்டால் தீர்ந்தது. ஆனால் அந்த ஆபீசில் துரையிடம் கேள்வி கேட்பது என்பது கிடையாது. அவர் தும்மினால்கூட அதற்கு ஒரு ஃபைல் போட்டுவிட்டுச் சும்மா இருப்பார்கள்.

"துரையே சொன்னதுக்கப்பறம் நாம ஆருங்க கேக்கறதுக்கு?" என்று ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். உட்கார்ந்து அசைத்துப் பார்த்தேன். ஆடவில்லை.

மதியம் துரை வெளியே வந்தார். நான் எழுந்து நின்றேன். ஆணி அடித்தாற்போல், 'ஏ' போட்ட ஸ்டேஷனரியாக. என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். ஆத்தூர் மில்லின் கிழங்குமாவு வாசனை மூக்கில் அடித்தது.

"ஸோ, யூ கேம்" என்றார்.

"எஸ் சார்."

தலையை ஆட்டிவிட்டுச் சாப்பிடப் போனார். அந்தத் தலையாட்டல் போதும். ஹெட் கிளார்க் ஆர்டரை டைப் அடித்து உள்ளே அனுப்பினார், கையெழுத்தோடு திரும்பி வந்தது. படித்துப் பார்க்கும் கெட்ட பழக்கம் துரைக்குக் கிடையாது. சேலத்தில் மச்சான், தன் முட்டை முறையில் படித்தவனுக்கு மேட்டூரில் வேலை என்று தெருவெல்லாம் சொல்லி, நாலைந்து அப்பாவிகளைப் பிடித்துப் பாடம் நடத்தத் தொடங்கினார்.

அன்று சாயங்காலம் மணி அடித்ததும் எல்லோரும் பூனைபோல நழுவினார்கள். எனக்கு மனம் கேட்கவில்லை. துரையின் கதவு திறந்திருந்தது. வாசலில் நின்று, இந்தத் தடவை தெரிந்தே, இதுதான் சரியென்று நினைத்தே சொன்னேன்.

"ஐ வில் கோ அண்ட் கம், சார்."

அவர் நிமிரவில்லை. "டுமாரோ?"

"எஸ் சார்."