கப்பலில் வந்த காய்

காலை ஐந்து நாற்பது. கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது தக்காளி. வாசற்படிக்கு வெளியே, செருப்புகளுக்குப் பக்கத்தில், நீலப் பிளாஸ்டிக் கூடையில் கிடந்தது. அதன் மேல் பாதி முட்டைக்கோஸ், கேரட், உருளைக்கிழங்கு, பச்சை மிளகாய்ப் பொட்டலம். கூடையை ஒட்டி மிளகாய்த்தூள் டப்பா தனியாக நின்றது. படுக்கப் போகும் முன் அண்ணன் எல்லாவற்றையும் வெளியேற்றியிருக்கிறான்.

அன்று அப்பாவின் முதல் வருடத் திதி. திதிச் சமையலில் நாட்டுக் காய் மட்டும்தான் சேரும். வாழைக்காய், புடலை, பாகல், அவரை, சேனை. காரத்துக்கு மிளகு. வெளியே இருந்த கூடையில் எதுவும் நாட்டுக் காய் இல்லை. சந்தையில் அவற்றை இங்கிலீஷ் காய் என்பார்கள்.

அந்த வாரம் நான் ஒரு போட்டித் தேர்வு வழிகாட்டிக்கு மெய்ப்புத் திருத்திக்கொண்டிருந்தேன். பத்திரிகை வேலை போன பிறகு இந்த மாதிரி வேலைகள்தான் வருகின்றன. உலக வரலாறு என் பங்கு. முதல் அத்தியாயத்தில் உலக மதங்கள் ஓர் அட்டவணையில் இருந்தன: தோற்றுவித்தவர், நூல், இடம். அடுத்ததில் பேரரசுகள். அதற்கடுத்து கடல்வழிப் பயணங்கள்: எந்த நாட்டுக் கப்பல், எந்தத் துறைமுகம், எந்த ஆண்டு. கப்பல்கள் எதை இறக்கின என்பது ஒரு பெட்டிச் செய்தியாக, சிறிய எழுத்தில், பக்கத்தின் ஓரத்தில் இருந்தது. தக்காளி, மிளகாய், உருளை, நிலக்கடலை, முந்திரி, பப்பாளி. எல்லாம் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து போர்ச்சுகீசியர் வழியாகவும் பிற ஐரோப்பியர் வழியாகவும் வந்தவை. அந்தப் பெட்டியை மட்டும் அம்மாவுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். அம்மா அவரைக்காய்க்கு நார் உரித்துக்கொண்டிருந்தார். "தக்காளியுமா?" என்று மட்டும் கேட்டார்.

அம்மாவுக்கு ஊர் கல்லாவி. அப்பா தஞ்சாவூர்ப் பக்கம். கம்பெனி வேலைக்காக ஓசூருக்கு வந்து, மத்திகிரியில் வாடகைக்கு வீடு பிடித்து, ஓய்வு பெறும் வரை லேத் மிஷினில் நின்றவர். ஓய்வுக்குப் பிறகு ராயக்கோட்டை சாலையில் கொஞ்சம் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துத் தக்காளி போட்டார். அதில் பெரிதாக எதுவும் வரவில்லை. ஆனால் வீட்டில் தக்காளி இல்லாத வேளை கிடையாது. காலையில் தொக்கு, மத்தியானம் ரசம். வயலில் நின்றபடியே ஒன்றைப் பறித்து வேட்டியில் துடைத்துக் கடிப்பார்.

பிறகு சிறுநீரகம் கெட்டது. டயாலிசிஸ் தொடங்கியபோது மருத்துவமனையில் இருந்த உணவு ஆலோசகர், எதெல்லாம் கூடாது என்று அம்மாவை உட்காரவைத்துச் சொன்னார். தக்காளி கூடாது. உப்பு பெயருக்குக்கூடக் கூடாது. தண்ணீர் அளந்துதான். அம்மா சொன்னதைச் சொன்னபடி செய்தார். எங்களுக்குத் தனிச் சமையல், அப்பாவுக்குத் தனிச் சமையல் என்று கொஞ்ச நாள் நடந்தது. அப்புறம் வீடு முழுக்க உப்பில்லாத சமையலாகி, நாங்கள் இலையில் உப்பு வைத்துத் தொட்டுக்கொண்டோம். அப்பா தினமும் தக்காளி ரசம் கேட்டார். முதலில் அதிகாரமாக, பிறகு கெஞ்சலாக. கடைசி நாட்களில், "ஒரு வாய்தாண்டி. வாயில வச்சுட்டுத் துப்பிடறேன்" என்றார். அம்மா கொடுக்கவில்லை.

அதனால் அன்றைக்கு அம்மாவுக்கு வேண்டியிருந்தது ஒன்றுதான். படையல் இலையில் தக்காளி ரசம் இருக்க வேண்டும்.

அண்ணன் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு வந்தான். அம்மா கூடையை உள்ளே கொண்டுவந்து சமையலறை வாசலில் வைத்துவிட்டு நின்றார்.

"ஏம்மா, அதத் திரும்ப உள்ள எடுத்துகிட்டு வர?"

"ரசம் மட்டும் வெக்கறேன் சாமி. உங்கப்பனுக்கு."

"அப்பா அவங்க அப்பாவுக்கு வருசா வருசம் செஞ்சாரே. ஒரு தடவ தக்காளி வச்சாரா? தோட்டமே போட்டவரு, அன்னிக்கு மட்டும் கையில தொடமாட்டாரு. அவரு எப்பிடிச் செஞ்சாரோ அப்பிடித்தான் நான் செய்வேன்."

"அவரு அப்பன் தக்காளியக் கண்டாரா? கஞ்சியும் மோரும் குடிச்சுட்டுப் போன மனுசன். இவரு தின்னவருடா. தின்னவருக்கு வெக்கறதுக்கு என்னா?"

வாக்குவாதத்தில் குரலை உயர்த்துவது அண்ணன் வழக்கம், அன்று உயர்த்தவில்லை. கூடையைத் தூக்கி மறுபடி வெளியே வைத்தான். தக்காளி இந்தக் கரையில் இறங்கிச் சில நூறு ஆண்டுகள் ஆகின்றன. எத்தனை தலைமுறை தின்ற பிறகு ஒரு காய் முன்னோர் சாப்பாடாகும் என்று வழிகாட்டியில் இல்லை.

சமையல் அண்ணி பொறுப்பு. திதிச் சமையலை யாரும் ருசி பார்க்கக் கூடாது. உப்பு, புளி எல்லாம் கைக்கணக்குதான். படைத்து முடிகிற வரை கரண்டி உதட்டுப் பக்கம் போகாது. அண்ணி வாயை இறுக மூடிக்கொண்டே சமைத்தார். மிளகு வாசனை ஏறி எல்லோருக்கும் தும்மல் வந்தது.

புரோகிதர் பத்து மணிக்கு மேல் மொபெட்டில் வந்தார். ஓசூரில் பிறந்து வளர்ந்த தெலுங்குக்காரர். எங்களிடம் தமிழ், போனில் தெலுங்கு, வீட்டு ஓனரைப் பார்த்ததும் கன்னடம். வந்ததும் சமையலறைப் பக்கம் எட்டிப் பார்த்தார். அம்மா அவரிடமே கேட்டுவிட்டார்.

"சாமி, தக்காளி வெக்கக்கூடாதுன்னு சாஸ்திரத்துல இருக்குதா?"

"சாஸ்திரத்துல எங்கம்மா இருக்கும்? எழுதினவங்க தக்காளியப் பார்த்ததே இல்லியே."

"அப்ப வெக்கலாமா?"

"வெக்கலாம்னும் இல்லியே!" என்று சிரித்தார். "எனக்கு இன்னும் ரெண்டு வீடு இருக்குதும்மா. இருக்கறத வெச்சு முடிச்சிடலாம்."

அண்ணன் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. புரோகிதர் தட்டில் இருந்த வடையைக் காட்டி, எந்த எண்ணெய் என்று அண்ணனிடம் கேட்டார்.

"செக்கெண்ணெய் சாமி. கடல. கண்ணெதிர நின்னு ஆட்டி வாங்கிட்டு வந்தேன். கடையில விக்கற பாக்கெட் எண்ணெயெல்லாம் இல்ல. சுத்தமான நம்ம நாட்டு எண்ணெய்."

அம்மா என் பக்கம் திரும்பினார். அந்தப் பார்வை எனக்குப் புரிந்தது. அவரே சொன்னார்.

"கடலையும் கப்பல்ல வந்ததுதானாமே."

"யார் சொன்னா?"

"உன் கூடப் பொறந்தது, புஸ்தகத்துல படிச்சுது."

அண்ணன் என்னைப் பார்த்தான். "நெசமா?"

"ஆமா. தென் அமெரிக்கா."

"இத நேத்தே சொல்லியிருக்கக் கூடாதா? பேப்பர்காரங்க புத்தி உங்கள விட்டுப் போகாது. எல்லாம் முடிஞ்சப்புறம் செய்தி போடுவீங்க."

அம்மா நினைத்தது வேறு. கடலை எண்ணெய்க்கு இடம் உண்டென்றால் தக்காளிக்கும் இடம் கிடைக்கும் என்று நினைத்திருந்தார். நடந்தது அதற்கு நேர்மாறு. அண்ணன் வடைத் தட்டைத் தூக்கிக்கொண்டு போய்த் தக்காளிக் கூடைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டான். விளக்குக்கு வைத்திருந்த நல்லெண்ணெயைச் சட்டியில் ஊற்றி, மிச்ச மாவை அண்ணி மறுபடி சுட்டார். முடித்ததும், "அடுத்தது என்ன, அடுப்புக் கல்லு எந்த நாட்டுலேர்ந்து வந்துச்சுன்னு பாக்கலாமா?" என்றார். புரோகிதர் மட்டும் சிரித்தார்.

எள்ளும் நீரும் இறைத்து, பிண்டம் வைத்து, மந்திரங்கள் சீக்கிரம் முடிந்தன. மூன்று தலைமுறைப் பெயர்களைச் சொல்ல வேண்டிய இடத்தில் அண்ணனுக்கு மூன்றாவது பெயர் தெரியவில்லை. தெரியாவிட்டால் சொல்வதற்கென்று பொதுவான ஒரு பெயர் இருக்கிறது. புரோகிதர் அதைச் சொல்லிக் கொடுத்தார். படையல் இலையில் வாழைக்காய்ப் பொரியல், பாகல், அவரை, பாசிப்பருப்பு, மிளகுக் குழம்பு, நல்லெண்ணெய் வடை. எல்லாம் கறுப்பாகவும் பழுப்பாகவும் பச்சையாகவும் இருந்தன. சிவப்பாக எதுவும் இல்லை. கப்பல்கள் வருவதற்கு முன் இந்தப் பக்கத்து இலை ஏறக்குறைய இப்படித்தான் இருந்திருக்கும். அம்மா விழுந்து கும்பிட்டு எழுந்தார்.

சாப்பிட்டு முடித்ததும் அண்ணனும் அண்ணியும் பாயைப் போட்டுப் படுத்தார்கள். நான் மெய்ப்பை எடுத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தேன். காலனி ஆட்சி பற்றிய அத்தியாயம். கம்பெனி என்ற சொல் பக்கத்துக்குப் பல தடவை வந்தது. வெளியே ஷிப்டு மாறும் கம்பெனி பஸ்கள் போய்க்கொண்டிருந்தன. எங்கள் தெருவைத் தாண்டினால் கால்நடைப் பண்ணை. வெள்ளைக்காரன் காலத்தில் அங்கே ராணுவத்துக்குக் குதிரை வளர்த்தார்கள். அப்பா குத்தகைக்கு எடுத்திருந்த நிலத்தில் இப்போது பாலித்தீன் கூடாரம் போட்டு ரோஜா வளர்க்கிறார்கள். அந்த ரோஜா பெங்களூருவில் விமானம் ஏறி ஐரோப்பாவுக்குப் போகிறது. இதையெல்லாம் வழிகாட்டியில் சேர்க்க முடியாது. எனக்குக் கொடுத்த வேலை எழுத்துப் பிழை பார்ப்பது. எல்லாப் பேரரசுகளும் சரியான ஆண்டுகளில் விழுந்திருந்தன. கண் எரிந்தது.

சமையலறையில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அம்மா மறுபடி தலைக்குக் குளித்துவிட்டு, ஈரப் புடவையோடு அடுப்பின் முன் நின்றார். கூடை உள்ளே வந்திருந்தது. தக்காளியைக் கையால் பிசைந்து, மிளகும் சீரகமும் தட்டிப் போட்டு, நுரை கட்டும் வரை காத்திருந்து இறக்கினார். ருசி பார்க்கவில்லை. கரண்டியைக் கழுவி மாட்டினார். அப்பாவின் எவர்சில்வர் டம்ளரில் ஊற்றி, புடவைத் தலைப்பால் பிடித்துக்கொண்டு மாடிப்படி ஏறினார். முழங்கால் வலியால் ஒவ்வொரு படியிலும் நின்றுதான் ஏற முடியும். அண்ணன் பாயில் கண்ணைத் திறந்து படுத்திருந்தான். அம்மா தன்னைக் கடந்து போவதைப் பார்த்தான். சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

மொட்டைமாடிச் சுவர் மேல், படையல் முடிந்ததும் காக்கைக்கு வைத்த இலைக்குப் பக்கத்தில் டம்ளரை வைத்துவிட்டு அம்மா இறங்கி வந்தார். என்னிடம், "அவனுக்குச் சொல்லாத" என்றார்.

"பாத்துட்டான்மா."

"பாத்தா பாக்கட்டும்."

மாலையில் வெயில் இறங்கிய பிறகு அண்ணன் மாடிக்குப் போனான். காயப்போட்ட வேட்டியை எடுக்கப் போவதாகச் சொன்னான். வெகுநேரம் கழித்து வந்தான். தோளில் வேட்டி, கையில் டம்ளர். டம்ளர் காலியாக இருந்தது.

அம்மா எழுந்துவிட்டார். "குடிச்சுதா? காக்கா?"

"எலையில இருந்ததெல்லாம் தின்னுடுச்சு. இது அப்பிடியே இருந்துச்சு." அண்ணன் டம்ளரைத் தொட்டியில் வைத்துக் குழாயைத் திறந்தான். "நான் குடிச்சேன்."

அம்மா, எங்களுக்குச் சோறு போடும்போது கேட்கிற அதே குரலில், "நல்லா இருந்துச்சா சாமி?" என்றார்.

அண்ணன் டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான்.

"உப்பு போடலம்மா" என்றான்.