படகுக்குக் கட்டிய கிணற்று வடம்

இடஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்த வருஷம், மணலூர்பேட்டைப் பக்கம் ரோடு நெடுக புளியமரங்களை வெட்டிப் போட்டிருந்தார்கள். பஸ் ஓடவில்லை. பெண்ணையாற்றில் வெள்ளம். அக்கரை ஆஸ்பத்திரிக்குப் போக என் பழைய படகை விட்டால் வேறு வழியில்லை. என் மனைவிக்கு நிறைமாதம். முதல் இரண்டும் தங்கவில்லை. இதுவாவது தங்கவேண்டுமே என்று எனக்கு ஒரே பயம்.

கடலூர்ப் பக்கம் வாங்கிய படகு அது. பாய்மரம் நட்ட குழி மட்டும் மிச்சம். விளிம்பு தாழ்வு என்பதால் இரண்டு பக்கமும் கட்டை நட்டு, ஏறுகிறவர்கள் பிடித்துக்கொள்ளக் கயிறு கட்டியிருந்தேன். அது இற்றுப்போய்விட்டது. கடைக்குப் போக வழியில்லை. கிடைத்த கயிறுகளை நனைத்து, வேப்பங்கிளையில் போட்டுத் தொங்கிப் பார்த்தேன். தென்னங்கயிறு பிரிந்தது. நைலான் ஈரக்கையில் வழுக்கியது. பக்கத்து நிலத்து அக்காவின் மோட்டார் கொட்டகையில் ஒரு பழைய வடம் கிடந்தது. மாடு கட்டி இறைத்த காலத்து வடம். அதுதான் தாங்கியது.

"அது வாணாம் தம்பி," என்றார் அக்கா. "எங்க வூட்டுக்காரரக் கெணத்துலேர்ந்து தூக்கின வடம் அது."

பிணம் தூக்கிய கயிற்றை மூன்று துண்டாக்கிச் சுடுகாட்டில் போட்டுவிடுவது எங்கள் ஊர் வழக்கம். இவரானால் இரண்டு வருஷமாக வைத்திருக்கிறார்! எனக்கு எரிச்சலாக வந்தது. "பேயாவது பிசாசாவது! கயிறு கெட்டியா இருந்தா போதும்க்கா" என்று இழுத்துவந்து கட்டிவிட்டேன்.

நாலு நாள் நல்ல வெயில். வடம் காய்ந்தது, நடுவில் ஒரு முழம் தவிர. துடைக்கத் துடைக்க ஈரம் கசிந்தது. நான் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. ஆனால் படகில் எவ்வளவு நெருக்கடி என்றாலும் அந்த ஒரு முழத்தில் யாரும் கை வைக்கவில்லை. முடிச்சை அவிழ்க்கப் போனேன். அவிழ்த்தால் வேறு கயிறு ஏது?

ஐந்தாம் நாள் மதியம் வலி எடுத்தது. துணைக்கு அந்த அக்காவே வந்தார். நடு ஆற்றில் சுழல் படகைச் சாய்த்தது. தடுமாறிய மனைவி எட்டிப் பிடித்தது அந்த ஈர முழத்தைத்தான்.

"இன்னாங்க, யாரோ தண்ணிக்குள்ளேர்ந்து இழுக்கறாங்க!"

வடம் விறைத்து, தண்ணீர்ப் பக்கமாக வளைவதை நானே பார்த்தேன். "வுட்டுடுடி!" என்று கத்தினேன்.

அக்கா தன் இரண்டு கைகளையும் அவள் கைமேல் வைத்து அழுத்தினார். "வுடாத! கெட்டியா புடிச்சிக்க!" என்று அலறினார். அவர் என் மனைவியைப் பார்க்கவில்லை. ஆற்றைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார்.

மெல்ல வடம் தளர்ந்தது. கரை சேர்ந்தோம். பொழுது சாய்வதற்குள் பெண் குழந்தை பிறந்தது. வீறிட்டு அழுதது. நானும் வெட்கமில்லாமல் அழுதேன்.

ஆஸ்பத்திரி வராண்டாவில் அக்காவைக் கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் தன் உள்ளங்கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு வடத்த எறக்கறப்போ அவருக்கு உசிரு இருந்துச்சு தம்பி," என்றார். "இப்பிடித்தான் கத்திக்கினு இருந்தேன். அவரு வுட்டுட்டாரு."