அப்பா ஓட்டியதாக எழுதப்பட்ட கார்

எங்கள் வீட்டுக்குக் கார் வந்தபோது அப்பாவிடம் லைசென்ஸ் இருந்தது, ஓட்டத் தெரியாது. அண்ணனுக்கு ஓட்டத் தெரியும், லைசென்ஸ் எடுக்கும் வயது இல்லை. தொண்ணூறுகளின் கடைசியில் திண்டுக்கல்லில் இது அபூர்வமான விஷயமில்லை. டிரைவிங் ஸ்கூல் காரில் மாஸ்டரின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். அந்தத் தைரியத்தில் அப்பா மைதானத்தை ஒரு சுற்றுச் சுற்றினார்; லைசென்ஸ் வந்துவிட்டது. ப்ளஸ் டூ படித்துக்கொண்டிருந்த அண்ணனுக்கு, கூடப் படித்த ஒரு மில் முதலாளியின் மகன் கற்றுக்கொடுத்திருந்தான்.

அப்பா கணக்கு வாத்தியார். லைசென்சைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு இடப்பக்க சீட்டில் உட்கார்ந்தால் சட்டப்படி எல்லாம் சரி என்று நம்பினார். அண்ணன் வேகம் எடுக்க எடுக்க, ஸ்பீடாமீட்டர் முள்ளைப் பார்த்துவிட்டுப் பின்னால் திரும்பி, மார்க் வாசிப்பதுபோல் எங்களுக்குச் சொல்வார்: "எழுபது... எண்பது." அண்ணனின் பரீட்சைத் தாள்களில் அவர் பார்க்காத எண்கள் அவை. "ஏலே, மெதுவாப் போ" என்பார் அம்மா. "அவனுக்குத் தெரியும், நீ சும்மா வா" என்பார் அப்பா.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து தாடிக்கொம்பு சாலையில் போய்க்கொண்டிருந்தோம். அகரம் பிரிவுக்கு முன்னால், சோளத்தட்டைக் கட்டு ஏற்றிய சைக்கிள் ஒன்று வயல் பாதையிலிருந்து சாலையில் ஏறியது. காற்றிரைச்சலில் முன்சீட்டில் பேசியது பின்னால் இருந்த எனக்குக் கேட்கவில்லை. ஹாரன் மட்டும் நீளமாகக் கேட்டது. பிறகு கண்ணாடியெல்லாம் சோளத்தட்டை.

சைக்கிளில் வந்தவர் குத்தகைக்கு விவசாயம் செய்பவர். வலது முழங்கால் உடைந்திருந்தது. அந்த வழியாக வந்த வேனில் அவரை ஆஸ்பத்திரிக்கு ஏற்றி அனுப்பினார்கள். பின்னாலேயே ஏட்டு ஒருவர் வந்து, யார் ஓட்டியது என்று கேட்டார். அண்ணன் வாயைத் திறப்பதற்குள் அப்பா லைசென்சை எடுத்து நீட்டினார்.

"நான்தான்."

"சரி. வண்டிய ஓரங்கட்டுங்க சார். பின்னால பஸ்ஸு நிக்குது."

அப்பா டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். அவர் அண்ணனின் தோள் உயரம்தான். சீட் அண்ணனின் காலுக்கேற்பப் பின்னால் தள்ளியிருந்தது. அப்பாவின் பாதங்கள் பெடலைத் தேடித் துழாவியதைத் திறந்த கதவு வழியாக ஏட்டு பார்த்துக்கொண்டிருந்தார்.

"சீட்ட முன்னாடி இழுத்துக்கங்க சார்" என்றார், குரலைத் தாழ்த்தி.

அதற்கான பிடி எங்கே இருக்கிறது என்று அப்பாவுக்குத் தெரியவில்லை. ஏட்டே குனிந்து இழுத்துவிட்டார். வண்டி ஒரு முறை துள்ளி அணைந்தது. மறுபடியும் துள்ளி அணைந்தது.

"வாத்தியாருக்குக் கை நடுங்குதுப்பா" என்றார் கூட்டத்தில் ஒருவர்.

"ஆள அடிச்சுப்போட்டுப் பாட்டா பாடுவாரு? தள்ளுங்கலே" என்றார் இன்னொருவர்.

இளவட்டங்கள் தள்ளினார்கள். ஏட்டு அப்பாவின் பெயரையே எழுதிக்கொண்டார்.

சில நாட்கள் போயின. பிறகு, உண்மையைச் சொல்லிவிடுவது, அதையும் முதலில் அடிபட்டவரிடம் சொல்வது என்று அப்பா கிளம்பினார். என்னையும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். அவர் ஆரம்பித்ததுமே கட்டிலருகே நின்ற அந்த மனிதரின் மனைவி கையைக் காட்டி நிறுத்தினார்.

"யாரு ஓட்டுனதுன்னு இவுக பார்த்துட்டாக சார். அத விடுங்க. நீங்கதான் ஓட்டுனீங்கன்னு கடைசி வரைக்கும் சொல்லிருங்க. லைசென்ஸ் இல்லாத பையன்னு தெரிஞ்சா இன்சூரன்ஸ்காரன் கைய விரிச்சுருவானாம். எங்க வக்கீல் சொல்லிட்டாரு."

"இந்தக் காலுக்கு வேற வழி இல்ல சார்" என்றார் கட்டிலில் கிடந்தவர்.

மகனைக் காப்பாற்றச் சொன்ன பொய் இப்போது அடிபட்டவருக்குச் சொந்தமாகிவிட்டது. அப்பாவால் அதைத் திரும்ப வாங்க முடியாது. அண்ணனை வாய்விட்டுத் திட்டவும் முடியவில்லை. எங்கள் வீட்டில் பேசுவது பக்கத்து வீட்டுக்குக் கேட்கும். அண்ணன் ஆஸ்பத்திரிப் பக்கம் போகவே கூடாது என்று வக்கீல் சொல்லியனுப்பினார். அவன் கல்லூரியில் சேர்ந்தான். போலீஸ் ஸ்டேஷனிலிருந்து திரும்பி வந்த கார் தார்ப்பாய்க்குள் கிடந்தது.

நஷ்டஈட்டு வழக்கு விசாரணைக்கு வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. இன்சூரன்ஸ் தரப்பு வக்கீலுக்குச் சந்தேகம் இருக்கிறது, கூண்டில் ஏற்றிக் கார் ஓட்டுவதைப் பற்றித்தான் கேட்பார் என்று அடிபட்டவரின் வக்கீல் வந்து சொன்னார். "கத்துக்கங்க சார்."

வற்றிக் கிடந்த குளத்துக்குள் அண்ணன் அப்பாவுக்குக் கற்றுக்கொடுத்தான். பார்ப்பவர்களுக்குக் குடும்பம் காற்று வாங்க வந்ததாகத் தெரியட்டும் என்று என்னையும் பின்சீட்டில் உட்கார வைத்தார்கள்.

"அந்த இடத்துல நீங்க நாலாவது கியர்ல இருந்தீங்க" என்றான் அண்ணன்.

"சைக்கிளப் பார்த்ததும் எப்பப் பிரேக் போட்டேன்?"

"போடலப்பா." அண்ணன் வெளியே பார்த்தபடி சொன்னான். "நான் பிரேக்ல கால வச்சேன். 'ஹாரன் அடி, ஒதுங்கிருவான்'னு நீங்க சொன்னீங்க. கால எடுத்துட்டேன்."

அப்பா கியர் கம்பியில் கையை வைத்தார். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. "ரிவர்ஸ் எப்படிப் போடணும், சொல்லு" என்றார்.

கோர்ட்டில் கியர், கிளட்ச், வேகம் என்று கேட்ட எல்லாவற்றுக்கும் அப்பா பிசகாமல் பதில் சொன்னார். சைக்கிளைப் பார்த்ததும் பிரேக் போட்டீர்களா என்று இன்சூரன்ஸ் வக்கீல் கேட்டார். போட்டேன் என்று சொல்லும்படிதான் அப்பாவுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

"போடல" என்றார் அப்பா. "ஹாரன் அடிச்சா ஒதுங்கிருவாருன்னு நெனச்சேன்."

அப்பா சொன்னதை டைப் அடிக்கும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. வேறு கேள்வி இல்லை என்று வக்கீல் உட்கார்ந்துவிட்டார். பொய் நிலைத்துவிட்டது.

அண்ணன் வராந்தாவில் காத்திருந்தான். அடிபட்டவர் கம்பை ஊன்றிக்கொண்டு அவனிடம் வந்தார். விபத்துக்குப் பிறகு இருவரும் நேருக்கு நேர் பார்த்தது அப்போதுதான்.

"என்னப்பு, காலேஜெல்லாம் ஒழுங்காப் போறியா?"

"அண்ணே, அன்னைக்கு நான்..." என்று அண்ணன் ஆரம்பித்தான்.

அவர் சட்டென்று சுற்றிலும் நின்ற வக்கீல் குமாஸ்தாக்களைப் பார்த்தார். "அத எங்கயும் சொல்லாத" என்றார். "இந்தப் படிக்கு மட்டும் கையக் குடு."

முழங்கால் மடங்காததால் அவர் படிக்குப் படி நின்று, பக்கவாட்டில் இறங்கினார். அண்ணன் கீழே வரை கையைப் பிடித்திருந்தான். அப்பா எங்களோடு இறங்காமல் மேலேயே நின்றார்.